மண்டபத்து மாடிக்கு என்னைத் தூக்கிப்போனார்கள்

1

பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில் நான் செய்யும் முதல் வேலை, நகராட்சிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது. வின்னிப்பெக்கில் குளிர்காலம் முழுக்க இந்த வேலை உண்டு. தெருவைச் சுத்தம் செய்ய வரும் வண்டி, சாலையில் கிடக்கும் பனியை வழித்து ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போகும். நடைபாதையிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவு அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. என் சக்கர நாற்காலிக்கு அந்தச் சரிவை விட்டால் வேறு வழி கிடையாது. ஊருக்கெல்லாம் வழி திறந்துவிட்டு, எனக்கு மட்டும் சுவர் எழுப்பிவிட்டுப் போவார்கள்.

போன பிப்ரவரியில் ஒருநாள் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அக்கம்பக்கத்தில் யாரிடமாவது சொல்லி உங்களைத் தூக்கி அந்தப் பக்கம் விடச் சொல்லலாமே என்றாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பனியை அள்ளிப் போட ஆள் அனுப்பு, என்னை அள்ளிப் போட அனுப்பாதே என்று சொல்லி போனை வைத்தேன். சரியான பதில் கொடுத்தோம் என்று ஒரு திருப்தி. இந்த ஊரில் எனக்கு அந்தத் திருப்தி அடிக்கடி கிடைக்கும்.

அந்தத் திருப்தியோடு காபி கலந்துகொண்டிருந்தபோது காஞ்சிபுரத்திலிருந்து ரெஹானா கூப்பிட்டாள். ரெஹானா இளம் வக்கீல். என்னைப் போலவே சக்கர நாற்காலியில் இருப்பவள். ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தின் மீது அவள் புகார் கொடுத்திருக்கிறாள். மாடியில் கூடம், ஏறுவதற்குப் படிக்கட்டு மட்டும், லிஃப்டும் இல்லை, சரிவுப் பாதையும் இல்லை என்பதுதான் புகார். அதற்கு மண்டபத்துக்காரர்கள் பதில் தாக்கல் செய்துவிட்டார்கள் என்றாள்.

"அதுல உங்க போட்டோவ வெச்சிருக்காங்க சார்."

எந்தப் போட்டோ என்று எனக்குத் தெரியும்.

இது வெட்கக்கேடான விஷயம். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது. ஊர்க்காரர்கள் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னக் காஞ்சிபுரத்தில் பிறந்தவன். பெயர் பார்த்தசாரதி. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். பேச ஆரம்பிக்கும் வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போயின. சென்னையில் சட்டம் படித்தேன். வக்கீலாகலாம் என்று கறுப்புக் கோட்டுகூட தைத்துவிட்டேன். அப்புறம் கோர்ட்டுகளின் படிக்கட்டுகளைப் போய்ப் பார்த்தேன். கோட்டை மடித்து வைத்துவிட்டு வெளிநாட்டில் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். சட்டத்தின் மீது ஆசைப்பட்டு வந்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சரிவுப் பாதையின் மீது ஆசைப்பட்டு வந்தேன்.

இருபது வருஷத்துக்கு மேலாக இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்தை நடத்துகிறேன். பாகுபாட்டுக்கு எதிரான சட்டம், அதிலும் ஊனமுற்றவர்களின் உரிமைகள். மாற்றுத்திறனாளி என்று எழுதச் சொல்வார்கள். எழுதுகிறவர்கள் எழுதட்டும், தவறில்லை. என் காலைப் பற்றி எழுதும்போது நான் ஊனம் என்றே எழுதுவேன்.

வந்த புதிதில் பஸ் ஏறப் போனேன். டிரைவர் ஒரு பொத்தானை அழுத்தினார், பஸ் பெருமூச்சு விட்டுக்கொண்டு என் பக்கமாகச் சாய்ந்தது. ஏதோ பழுதாகிவிட்டது, என்னால்தான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். உள்ளே ஏறியதும் நன்றி சொன்னேன். இறங்கும்போது மறுபடியும் நன்றி. அந்த டிரைவர் எரிச்சலோடு, டிக்கெட் வாங்கினாய் அல்லவா, பிறகு எதற்கு நன்றி என்றார். என் முதல் சட்டப் பாடம் அதுதான். பேராசிரியர்கள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம்.

அதற்காக இந்த நாடு சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கார் நிறுத்தும் அனுமதி அட்டையைப் புதுப்பிக்க சில வருஷங்களுக்கு ஒருமுறை டாக்டரிடம் சான்று வாங்கிக் கொடுக்க வேண்டும். நடுவில் என் கால் சரியாகிவிட்டதா என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். டாக்டரும் ஒவ்வொரு முறையும் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பார்.

என் பெயர் இங்கே நாலு பேருக்குத் தெரிந்தது ஒரு வழக்கால். படியேறிப் போக வேண்டிய ஒரு சாப்பாட்டுக்கடை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு அம்மாவை, எங்கள் ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், எப்போதும் அப்படித்தான், யாரும் குறை சொன்னதில்லை என்றார் கடைக்காரர். அந்த அம்மாவின் பக்கம் நின்று வாதத்தை எழுதிக் கொடுத்தவன் நான். ஜெயித்தோம். அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். மூட்டையைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள், மனுஷன் தானாக நுழைவான், தூக்கிச் செல்வது வசதி ஆகாது என்பது அதன் சாரம். சட்டக் கல்லூரிகளில் அதைப் படிக்கிறார்கள். ரெஹானாவும் படித்திருக்கிறாள்.

3

தூக்கப்படுவது என்றால் என்ன என்று எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மாடியில் இருந்தது. கோதண்டம் என்று கூடப் படித்தவன், என்னைவிட இரண்டு மடங்கு பருமன், தினமும் முதுகில் ஏற்றிக்கொண்டு போவான். பதிலுக்கு அவன் கணக்கு நோட்டு என் பொறுப்பு. ஒருநாள் அவனுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கு நான் படிக்கட்டின் கீழேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதனால் அவனுக்குக் கோபம் வராதபடி பேசக் கற்றுக்கொண்டேன். அவன் சொல்லும் மொக்கை ஜோக்குக்கெல்லாம் சிரித்தேன். நல்லவன்தான். நல்லவனாக இருந்ததுதான் கஷ்டம். கெட்டவனாக இருந்தால் திட்டியிருக்கலாம்.

கோதண்டத்தின் குடும்பம் கோயிலில் சாமி தூக்குகிறவர்கள். பெருமாள் வீதி வரும்போது பல்லக்குத் தண்டைத் தோளில் தாங்கி, முன்னே இரண்டு அடி, பக்கவாட்டில் ஒரு அசைவு என்று ஆடி ஆடி நடப்பார்கள். பார்க்கிறவர்களுக்குச் சாமியே நடந்து வருவதுபோல இருக்கும். அவன் அப்பாவுக்குத் தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் காய்ப்பு. பிறகு அவனுக்கும் வந்தது.

அவன் என்னை முதுகில் சுமந்துகொண்டே சொல்வான். "சாமி வாய தொறக்காது. நீ பேசிக்கினே வர்ற. அதான் கனமா இருக்குது."

4

அந்தப் போனுக்கு முந்தின டிசம்பரில் ஊருக்கு வந்தேன். தங்கை வசந்தா செவிலிமேட்டில் வீடு கட்டியிருந்தாள், கிரகப்பிரவேசம். மகள் மித்ராவைக் கூட்டி வந்தேன். பதினேழு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசும்போது எல்லாரையும் நீ என்பாள், என்னையும் சேர்த்து. அவளுக்கு வருவதற்கு இஷ்டமில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு நம் ஊர் என்பது அப்பா அம்மா சொல்லும் நீளமான கதை. அவ்வளவுதான்.

நான் வருவது தெரிந்து, நான் படித்த பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் சேர்ந்து பாராட்டு விழா வைத்தார்கள். ரெஹானா புகார் கொடுத்திருக்கும் அதே மண்டபம். அது எனக்குத் தெரியும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே அவள் எழுதியிருந்தாள். ஊர் வக்கீல்கள் சிலர் மாதாமாதம் அந்த மண்டபத்தின் மாடியில் இலவச சட்ட முகாம் நடத்துகிறார்கள். மற்ற வக்கீல்கள் மேலே ஃபேனுக்கடியில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ரெஹானா கீழே செருப்பு விடும் இடத்தில், ஜெனரேட்டர் பக்கத்தில். மேலே போன ஜனங்கள் அவளைத் தேடிக்கொண்டு கீழே வருவார்களா? வரவில்லை. உனக்கு ஆளே வருவதில்லையே அம்மா, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுகிறோம் என்று முகாம்காரர்கள் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். தொழிலில் கால் ஊன்ற அவளுக்கு இருந்த ஒரே இடம் அது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் புகார்.

விழாவுக்கு முன்பு மண்டபத்துத் தலைவர் ஏகாம்பரத்திடம் நானே போனில் கேட்டேன், மேலே எப்படி வருவது என்று. எல்லாம் ஏற்பாடு பண்ணிவிட்டோம் சார், நீங்கள் வந்தால் போதும் என்றார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. என் மாணவன் ஒருவன் இப்படி விட்டிருந்தால் வகுப்பை விட்டு அனுப்பியிருப்பேன்.

போய் இறங்கினால் நாகஸ்வரம் வாசிக்கிறார்கள். வாசலில் கோதண்டம். தலை நரைத்து, அதே பருமன், கூட மூன்று பேர். இரண்டு கழிகளுக்கு நடுவே ஒரு நாற்காலியைக் கட்டி, பட்டுத் துணி போர்த்தி, சாமந்திச் சரம் சுற்றி வைத்திருந்தார்கள்.

"இன்னாடா சாரதி, அப்போ முதுவுல ஏத்தினேன். இப்போ தோள்ல. ப்ரமோஷன்டா உனக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழைய பழக்கம்.

படிக்கட்டின் கீழே ரெஹானா இருந்தாள். முதல்முறை நேரில் பார்க்கிறேன். வணக்கம்கூட முழுதாகச் சொல்லவில்லை அவள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், ஏறாதீங்க சார். இங்கயே மைக்க வெக்கச் சொல்லுங்க, எல்லாரும் கீழ எறங்கி வரட்டும். உங்களுக்காக வருவாங்க" என்றாள்.

அவள் சொன்னது சரி என்று எனக்கு அந்த நொடியே தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கூட்டம் இறங்கி வந்திருக்கும். மண்டபத்துக்காரர்களுக்கு அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை.

"மனசு கஷ்டப்படுவாங்கம்மா. இன்னிக்கு ஒரு நாள்தான" என்றேன்.

"நீங்க எழுதினதுதான் சார் நான் சொல்றது."

பட்டு போர்த்திய நாற்காலியில் மாறி உட்கார்ந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். யார் மனசும் கஷ்டப்படும் என்பதற்காக நான் ஏறவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது. சின்ன வயசில் இந்த ஊரில் என்னைத் தூக்கியவர்களெல்லாம் பாவம் என்று தூக்கினார்கள். இப்போது மேளதாளத்தோடு தூக்குகிறார்கள். கோதண்டம் சும்மா ஏறவில்லை. சாமியைத் தூக்கும்போது ஆடுகிற அதே ஆட்டம் ஆடிக்கொண்டு ஏறினான். கூட்டம் கை தட்டியது. நான் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். படம் எடுக்கிற போன்களெல்லாம் எடுத்தன.

மேலே போய் என்ன பேசினேன் தெரியுமா? ஊனமுற்றவர்களுக்கு வழி திறக்க வேண்டும் என்று பேசினேன். நன்றாகப் பேசினேன். ரெஹானாவின் பெயரைச் சொல்லி, இந்த ஊரின் துணிச்சலான பெண் என்று பாராட்டினேன். அவள் கீழே ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

5

இனி எழுதப்போவதை அப்போது என் தங்கையிடம்கூட நான் சொல்லவில்லை.

விழா முடிந்தது. பொன்னாடைகள் போர்த்தினார்கள். சாப்பாடு கீழே. நம் ஊர் மண்டபங்களின் அமைப்பு அதுதானே, மேலே கூடம், கீழே பந்தி. கூட்டம் மொத்தமும் இறங்கியது. உங்களுக்கு இலையை மேலேயே அனுப்புகிறோம் சார் என்று சொல்லிவிட்டு ஏகாம்பரமும் போனார். வசந்தா மித்ராவைப் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனாள். கோதண்டமும் மற்ற மூன்று பேரும் அங்கே இல்லை. அன்று கோயிலில் சாமி புறப்பாடு. என்னை ஏற்றி வைத்துவிட்டு அதற்குப் போய்விட்டார்கள், முடிந்ததும் வந்து இறக்கிவிடுவதாக ஏற்பாடு. என் சக்கர நாற்காலி கீழே வாசலில் நின்றது. அதை மேலே கொண்டுவர யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை.

காலையிலிருந்து ஆளாளுக்குக் காபியும் மோரும் கொடுத்திருந்தார்கள். கழிப்பறையும் கீழேதான். மேடையில் காலி நாற்காலிகளுக்கு நடுவே நான் ஒருத்தன். கூப்பிட்டேன். கீழே பந்தியின் சத்தம், பாயசம் பாயசம் என்று குரல். போன் சட்டைப்பையில் இல்லை, கீழே சக்கர நாற்காலிப் பையில் இருந்தது. யாரோ வந்து ஃபேனை நிறுத்திவிட்டுப் போனார். நான் தூணுக்கு அந்தப் பக்கம் இருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. அவரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? உலகப் பேராசிரியருக்கு ஒன்றுக்கு வருகிறது, தூக்கிக்கொண்டு போ என்றா?

அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

போர்த்தியிருந்த பொன்னாடைகளில் ஒன்றை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மித்ரா இலையோடு மேலே வந்தாள். பார்த்ததும் இலையைக் கீழே வைத்தாள். இன்னொரு பொன்னாடையை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.

புறப்பாடு முடிந்து கோதண்டம் வந்தான். தூக்கினார்கள். இறங்கும்போது அவன் ஆடவில்லை. மெதுவாக, நேராக நடந்தான். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் செவிலிமேட்டு வீட்டு மாடியைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன். என் தங்கை கட்டிய புது வீட்டிலும் எனக்குக் கீழ்த்தளம் மட்டும்தான். மித்ரா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளுக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"மேல போறப்போ உனக்குப் பிடிச்சிருந்துதா, அப்பா?"

"ஆமா."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். திரும்பி வரும்போது விமானத்தில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இந்தப் பிள்ளைகள் நம்மை விட்டுப் போகிறார்கள் என்று நாம் புலம்புகிறோம். என் பிள்ளை என்னைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டாள்.

6

இதற்கப்புறம்தான் பிப்ரவரியில் அந்தப் போன்.

மண்டபத்தின் பதிலை ரெஹானா வாசித்துக் காட்டினாள். வெளிநாட்டில் இதே துறையில் பேராசிரியராக இருப்பவரே எங்கள் மண்டபத்துக்கு வந்து, எங்கள் ஏற்பாட்டை மகிழ்ச்சியோடு ஏற்று மாடிக்கு வந்தார், படம் இணைக்கப்பட்டுள்ளது. அதே வசதியை மனுதாரருக்கும் செய்து தர நாங்கள் தயார். அவர்தான் பிடிவாதமாக மறுக்கிறார். இப்படிப் போனது.

"நாலு ஆம்பளைங்க என்ன தூக்கிக்கினு போவணுமாம் சார். மாசாமாசம்."

அவள் குரலில் கோபம் இல்லை, களைப்பாக இருந்தது. அவ்வளவு பெரியவரே ஏறிட்டாரு, உனக்கு இன்னா வந்துச்சு என்று அவள் அண்ணனே கேட்கிறானாம். முகாம்காரர்களும் அதையேதான் கேட்கிறார்களாம். மாற்றுத்திறனாளிகள் ஆணையர் முன் விசாரணை வருகிறது, நான் வீடியோவில் வந்து சாட்சி சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

நான் அவசரமாகச் சொன்னேன், கண்டிப்பாக வருகிறேன், கட்டாயப்படுத்தினார்கள், எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொல்கிறேன் என்று.

"அப்டி சொல்லாதீங்க சார். போட்டோல சிரிச்சுக்கினு இருக்கீங்க. நானும் கீழதான இருந்தேன்."

வழக்கறிஞர் தொழிலை எனக்கு அந்தப் பெண் சொல்லித்தர வேண்டியிருந்தது. பொய் சாட்சிக்குத் தயாராக நின்ற சட்டப் பேராசிரியர் நான்.

"அப்ப நான் என்னம்மா சொல்றது?"

"நடந்தது இன்னாவோ அத சொல்லுங்க. மேல இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. போட்டோ படிக்கட்டோட முடிஞ்சிடுச்சு. ரொம்ப நேரம் கழிச்சு நீங்க எறங்கினப்போ உங்க முகத்தப் பாத்தேன் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்தேன். சொன்னால் ஏகாம்பரம் கேட்பார், வக்கீல்கள் கேட்பார்கள், அங்கிருந்து நெசவுக்காரத் தெரு, கோயில் வாசல், பஸ் ஸ்டாண்டு டீக்கடை என்று இரண்டே நாளில் பரவிவிடும். நம் ஊரில் பட்டுச் சேலை விலைகூட அவ்வளவு வேகமாகப் பரவாது. வெளிநாட்டுப் பேராசிரியர் மேடையிலேயே நனைத்துக்கொண்டார். சொல்லாவிட்டால் அந்தப் படம்தான் நிற்கும். இனி எந்த ஊரில் எந்த மண்டபத்துக்காரன் வேண்டுமானாலும் அதை எடுத்து நீட்டுவான். ரெஹானாவின் இடம் போகும்.

ஒரு வாரம் வகுப்பில் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. என் கட்டுரை பாடத்தில் வரும் வாரம் அது. நானே எழுதியதை நானே விளக்க வாய் கூசியது.

மித்ராவிடம்தான் கடைசியில் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"சொல்லு அப்பா. நான் பின்னாடி உக்காந்திருக்கேன். கேமராவுல தெரிய மாட்டேன்."

7

அங்கே பிற்பகல், இங்கே இன்னும் விடியவில்லை. சட்டை, டை எல்லாம் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். திரையின் ஒரு கட்டத்தில் ஆணையர், இன்னொன்றில் ஏகாம்பரமும் அவர் வக்கீலும், மூன்றாவதில் ரெஹானா.

மண்டபத்து வக்கீல் மரியாதையான மனிதர். படத்தைக் காட்டி, இது நீங்கள்தானே என்றார். ஆமாம். யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா? இல்லை. விருப்பத்தோடு ஏறினீர்களா? ஆமாம். சிரிக்கிறீர்கள் அல்லவா? ஆமாம், சிரிக்கிறேன். அவ்வளவுதான் ஐயா என்று அவர் உட்கார்ந்துவிட்டார். ஏகாம்பரத்தின் முகத்தில் நிம்மதி. அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் கௌரவப்படுத்தினோம் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

ரெஹானா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எப்டி சார் எறங்கினீங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். காபி, மோர், காலி நாற்காலிகள், நிறுத்தப்பட்ட ஃபேன், பொன்னாடை. பாதியில் ஆங்கிலத்துக்குப் போய்விட்டேன், அந்த வார்த்தையைத் தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆணையர் குறுக்கிட்டு, தமிழிலேயே சொல்லுங்கள், பதிவு செய்ய வேண்டும் என்றார். தமிழில் சொன்னேன். நான் விழாவுக்கு வந்த விருந்தாளி, ஒரே ஒரு நாள், ஊரே என்னைக் கொண்டாடிய நாள், அன்றைக்கே இது. இந்தப் பெண் மாதாமாதம் வேலைக்கு வர வேண்டியவள். அவளைத் தூக்குவதற்கு மேளமும் வராது. இதை மட்டும் சட்டமாகச் சொன்னேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

ஏகாம்பரம் தலையைக் குனிந்துகொண்டார். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார் என்று மெதுவாகச் சொன்னது மைக்கில் கேட்டது.

முழுத் தீர்ப்பு இன்னும் வரவில்லை. அதுவரைக்கும், அந்த மண்டபத்தில் பொதுமக்களுக்காக நடக்கும் எதுவும் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டார்கள்.

எதிர்பார்த்தபடியே ஊரில் பரவியது. வசந்தா போனில் அழுதாள். நம் மானத்தை ஏன் அண்ணா இப்படி வாங்கினாய் என்றாள். அவள் புருஷன் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

கோதண்டம் கூப்பிட்டான். நான் பயந்துகொண்டே எடுத்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டா" என்றான்.

"அப்பவே ஏன்டா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீ இன்னா ஆவ" என்றான். "சாமிய எங்கயாவது எறக்கி வெச்சா பக்கத்துல ஒரு ஆள நிறுத்திட்டுத்தான் போவோம். உன்ன தனியா உட்டுட்டுப் போயிட்டேன். அத நெனச்சா தூக்கம் வரலடா."

உன் மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். எத்தனை தரம் சொல்லியும் அவன் ஏற்கவில்லை. என்னுடைய வெட்கத்தில் பாதியை அவன் தலையிலும் ஏற்றிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது. அவனுக்கு அதைச் சுமக்கவேண்டிய அவசியமே இல்லை.

ரெஹானாவிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. சாட்சி சொன்னது மன்னிப்புக் கேட்டதாக ஆகாது. அன்றைக்கு நீ சொன்னபோதே நான் கீழே இருந்திருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். போன சனிக்கிழமை ராத்திரி, அங்கே ஞாயிறு காலை, என்ன சொல்வது என்று நாலைந்து தரம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டேன்.

எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல். பெஞ்சை இழுக்கிற சத்தம், ஒரு குழந்தை அழுகிறது, யாரோ ஒரு அம்மா பட்டாவைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு முகாம் என்று எனக்கு நினைவில்லை.

"ரெஹானா, அன்னிக்கு நீ..." என்று ஆரம்பித்தேன்.

"சார், அப்பறமா பேசலாமா? ஆளுங்க நிக்கிறாங்க." போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வேறு யாரிடமோ, "உக்காரும்மா, நீ சொல்லு" என்றாள்.

இணைப்பு போய்விட்டது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. வேலை இருந்திருக்கும்.